மோதி பாக் வாசலில் நின்ற வண்டி

விமான நிலையச் சாலையை விட்டு தௌலா குவான் மேம்பாலத்தில் ஏறும்போதுதான் அந்த ஊசியைப் பார்த்தேன்.

மே மாதம். காலை ஏழரை மணிக்கே வெயில் கண்ணாடி வழியாக வந்து முழங்கையைச் சுட்டது. டிக்கியில் நான்கு எவர்சில்வர் தூக்குகளில் நாற்பது கிலோ இட்லி மாவு. மூடிகளை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தேன். பக்கத்து இருக்கையில் என் வீட்டுக்காரர். அவர் மடியில் வடை மாவு டப்பா. அதை அவர் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

வேகம் காட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில், எஞ்சின் சூட்டைக் காட்ட ஒரு சின்ன ஊசி உண்டு. ஒன்பது வருடமாக அது நடுவிலேயே நிற்கும். நின்று நின்று, அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அது எழுந்து சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போயிருந்தது.

நிறுத்தியிருக்க வேண்டும். ஓட்டத் தெரிந்த எவரும் ஓரங்கட்டி நிறுத்தியிருப்பார்கள். நான் ஏசியை அணைத்தேன். ஜன்னலை இறக்கினேன். இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன்.

காரணம் இருந்தது. மோதி பாக் அரசுக் குடியிருப்பில் ஒரு வளைகாப்பு. எட்டு மணிக்கு மாவு வந்தாக வேண்டும் என்று சமையல்காரர் மூன்று முறை போன் செய்துவிட்டார். அந்த வெயிலில் மேம்பாலத்தில் அரை மணி நேரம் நின்றால் மாவு பொங்கி, புளித்து, டிக்கியெல்லாம் வழிந்துவிடும். இருநூறு பேருக்கு இட்லி இல்லாமல் போகும். பதினொரு வருடத்தில் நான் ஒரு வீட்டையும் காக்கவைத்ததில்லை.

அந்த நாலு கிலோமீட்டரைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இந்தத் தொடரில் என் மாமியாரோடு போட்ட சண்டையை எழுதியாயிற்று, பக்கத்து வீட்டு மிக்ஸியை நான் எரித்த கதையையும் எழுதியாயிற்று. இது மட்டும் பாக்கி.

பேசாத பக்கத்து இருக்கை

கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்தாறு வயது. என் வீட்டுக்காரருக்கு இடது கண்ணில் பார்வை குறைவு. டெல்லிக்கு வந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை பேருந்தும் மெட்ரோவும்தான் அவருக்கு வாகனம். எங்கள் வீட்டில் யாராவது ஓட்ட வேண்டும் என்றால் அது நான்தான் என்று ஆனது.

அதற்கு முன்னால் மாவு வியாபாரம் வந்துவிட்டது. துவாரகாவில் எங்கள் அடுக்ககத்தில் இருந்த ஐந்தாறு தமிழ்க் குடும்பங்களுக்கு அரைத்துக் கொடுத்ததில் தொடங்கியது. பிறகு பக்கத்து அடுக்ககம், அப்புறம் முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், தேர்வுக்குத் தயார் செய்கிறவர்கள். அவர்களிடம் ஒரு தோசைக்கல்லும் அடுப்பும் இருக்கும், வேறொன்றும் இருக்காது. முனிர்கா சந்துகளில் எனக்கு 'இட்லி அக்கா' என்று பெயர். என் சொந்தப் பெயர் கோமதி என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

இரண்டு வருடம் தூக்குகளை ஆட்டோவில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பிறகு மாவுப் பணத்தில் முன்பணம் கட்டிப் புது வண்டி வாங்கினேன். வெள்ளை நிறம், சின்ன வண்டி. காகிதங்களில் கையெழுத்துப் போட்டது நான். கடைக்காரர் பேனாவை என் வீட்டுக்காரரிடம் நீட்டியபோது அவர் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஆனால் ஆரம்பத்தில் அவரும் எல்லா ஆண்களையும் போலத்தான் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "பிரேக், பிரேக்" என்பார். எதிரே மாடு வந்தால் அவர் காலும் சேர்ந்து மிதிக்கும். ஒரு நாள் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்தவன் ஹார்னை அழுத்தினான். நான் அசையவில்லை.

"நீங்க ஓட்டுதீங்களா, நான் ஓட்டவா?" என்றேன்.

அவர் திரும்பி ஹார்ன் அடித்தவனைப் பார்த்தார். "நீயே ஓட்டு. இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

திறக்கவில்லை. அன்று முதல் நான் ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருமுறை எங்கள் அடுக்ககத்தின் வாசல் தூணில் உரசிவிட்டேன். இறங்கிப் போய்த் தூணைத் தடவிப் பார்த்தார். "தூணுக்குத்தான் பெயின்ட் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ம்" என்றார், போகலாம் என்று அர்த்தம்.

மேம்பாலத்தில் ஊசி ஏறிய அன்றைக்கும் அவர் அப்படியேதான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எட்டு மணிக்குப் பத்து நிமிடம்

ரிங் ரோட்டில் இறங்கியதும் ஒரு வாடை. சூடான இரும்பும் வெல்லப்பாகும் கலந்ததுபோல. குடியிருப்பின் வாசல் கண்ணில் பட்டபோது வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. பானட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. எஞ்சின் தானாக அணைந்தது. ஸ்டீயரிங் என் கையில் கல்லாகக் கனத்தது.

காவலாளி ஓடி வந்தார். காலை நடைக்கு வந்த இரண்டு பேர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வண்டியைத் தள்ளினார்கள். செருப்பை ஏன் கழற்றினார்கள் என்று இன்றுவரை புரியவில்லை. நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். என் வீட்டுக்காரர் வடை மாவை விடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வந்தார்.

டிக்கியைத் திறந்தால், ஒரு தூக்கின் மூடியை மாவு தலையால் முட்டித் தூக்கிக்கொண்டிருந்தது. கயிறு மட்டும்தான் அதை அடக்கி வைத்திருந்தது. சமையல்காரர் வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சரியான பக்குவம்மா" என்றார். மணி எட்டாகப் பத்து நிமிடம் இருந்தது.

இட்லி பூப்போல வந்ததாம். வளையல் போட்டுக்கொண்ட பெண் ஏழு சாப்பிட்டாளாம். சமையல்காரர் மாலையில் போன் செய்து சொன்னபோது, நான் வண்டியை இழுத்துப்போன லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெருமைப்பட வேண்டிய செய்தியை அழுகையோடு கேட்டது அன்றைக்குத்தான்.

டை கட்டியவர்

வண்டி வாங்கிய நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குத்தான் முதலில் போனோம். பெயர் வேண்டாம். குளிரூட்டிய கூடம், காபி இயந்திரம், டை கட்டிய ஓர் ஆலோசகர். வயது முப்பது இருக்கும். மறுநாள் எங்களைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

எஞ்சினையே மாற்ற வேண்டுமாம். அதற்கு ஆகும் தொகை, வண்டியை அன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அதில் முக்கால் பங்கு. வாரண்டி முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அதை நீட்டித்துக்கொள்ளச் சொல்லி அவர்கள் போன் செய்தபோதெல்லாம், "என் வண்டிக்கு ஒன்றும் வராது" என்று சொல்லி வைத்தவள் நான்தான். வாய்க்கொழுப்பு.

"ஏன் இப்படி ஆச்சு?" என்று நான் கேட்டேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பதில் சொன்னார், இந்தியில்.

"சார், வண்டி சூடாகியும் ஓட்டியிருக்காங்க. மேடம் மீட்டரைப் பார்க்கவில்லை போல. லேடீஸ் பெரும்பாலும் பார்ப்பதில்லை."

எனக்குக் காதெல்லாம் எரிந்தது. இருபது கிலோ மாவுக்கு உளுந்து எத்தனை பிடி என்று கண்ணால் அளக்கிறவள் நான், மீட்டரைப் பார்க்க மாட்டேனாம். ஆனால் என்ன சொல்வது? "பார்த்தேன் தம்பி, பார்த்துவிட்டுத்தான் ஓட்டினேன்" என்றா? கையெழுத்துப் போடாமல் தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்தேன்.

அன்று மாலை புனேயிலிருந்து மகன் பிரபு பேசினான். டெல்லியில் பிறந்து வளர்ந்தவன். அவன் பேசும் தமிழில் பாதிக்குமேல் தமிழ் இருக்காது. தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தோம்.

"அம்மா, இனாஃப். ஸ்க்ராப்ல குடுத்துரு. இந்த ஏஜ்ல நீ ஏன் டிரைவ் பண்ற? ஹைவேல ஆயிருந்தா? கண்டிப்பா நீ மீட்டர் பாத்திருக்க மாட்ட. சாவிய அப்பாகிட்ட குடும்மா, ப்ளீஸ்."

கோபமாகச் சொன்னால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். அவன் பயந்து சொன்னான். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

சாவி போனால் மாவு போனது. நாற்பது கிலோவை முதுகில் தூக்கிக்கொண்டு துவாரகாவிலிருந்து முனிர்காவுக்கு யார் போவது? ஆட்டோவில் அலைகிற வயதும் இல்லை. மறுபடியும் மூன்றாவது மாடி வீட்டில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் ஊசியைப் பார்த்துவிட்டு ஓட்டினேன் என்று தெரிந்தால் பிரபு விமானம் ஏறி வந்து சாவியை வாங்கிப் போவான். அதனால்தான் மூச்சு விடவில்லை. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

நீல வாளி

இந்த இடத்தில் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவர். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது பல் தேய்த்தால், அந்நிய மனிதராக இருந்தாலும் போய் அடைத்துவிட்டு வருவார். கல்யாண மண்டபத்தில் அப்படிச் செய்து ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எங்கள் சமையலறையில் தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. துவாரகாவில் அது இல்லாத வீடு கிடையாது. அங்கே வரும் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்த இயந்திரம் ஒரு குடம் குடிநீர் கொடுத்தால், இரண்டு குடத்துக்கு மேல் கழிவு நீரை வெளியே தள்ளும். அந்தக் குழாயின் முனையில் என் வீட்டுக்காரர் ஒரு நீல வாளி வைத்திருக்கிறார். வாளி நிறைய நிறைய எடுத்துக்கொண்டு போவார். வீடு துடைக்க, கழிப்பறைக்கு, பால்கனி கழுவ. ஓய்வு பெற்றபின் அது ஒரு முழுநேர வேலையாகவே ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தண்ணீரைக் கீழே கொண்டுபோய் என் வண்டியைக் கழுவுவார். பக்கத்து வீட்டு ஆட்கள் கழுவுவதற்குக் கூலிக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். என் வண்டியை ஓய்வு பெற்ற செக்‌ஷன் ஆபீசர் ஒருவர் கழுவுகிறார் என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். கழுவும்போது பானட்டைத் திறந்து வேறு என்ன செய்கிறார் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

முனிர்காவில் ஒரு மூடி திறந்தது

முனிர்காவில் நான் மாவு கொடுக்கும் சந்தின் முனையில் செல்வத்தின் பட்டறை இருக்கிறது. அவருக்கு நாற்பது வயது இருக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தாய் தகப்பனுக்கு டெல்லிக் குடிசைப் பகுதியில் பிறந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. சனிக்கிழமை தோறும் அவர் மனைவி என்னிடம் இரண்டு கிலோ மாவு வாங்குவாள்.

சர்வீஸ் சென்டரிலிருந்து வண்டியை அங்கே இழுத்துக்கொண்டு போனோம். பிரபு போனில் ஸ்பீக்கரில் இருந்தான். "யாராவது லோக்கல் ஆள் அம்மாவை ஏமாத்தாம பாத்துக்கணும்" என்று அவனுக்குக் கவலை. போனை வண்டியின் கூரைமேல் வைத்திருந்தேன்.

செல்வம் முதலில் எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் கறுப்பாக இல்லை, பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது.

"தண்ணியும் ஆயிலும் ஒண்ணாயிடுச்சுக்கா. ரெண்டையும் பிரிச்சு வெக்கிற ஹெட் கேஸ்கட் போயிடுச்சு. ஆனா எஞ்சினே மாத்தணும்னு இல்ல. ஹெட்ட எறக்கி, லெவல் பாத்து, கேஸ்கட் போட்டா ஓடும். ஏன் போச்சுன்னு பாக்கலாம்."

ரேடியேட்டரின் மூடியைத் திறந்து விரலை விட்டார். விரலை வெளியே எடுத்தபோது அதில் வெள்ளையாகச் சோறு வடித்த கஞ்சி காய்ந்ததுபோல் பொருக்கு. நகத்தால் சுரண்டி, உள்ளங்கையில் போட்டு என்னிடம் காட்டினார்.

"அரே தேகோ, பாருங்க. உப்பு! இதுல எஞ்சின் சூட்ட எறக்க பச்சையா கூலன்ட் இருக்கணும்க்கா. உள்ள எல்லாக் குழாயும் அடச்சிகினு கெடக்கு. தண்ணி ஓட வழியே இல்ல. இன்னா தண்ணி ஊத்துனீங்க இதுல? ஊசி மேல ஏறி இருக்குமே, யாருமே பாக்கலியா?"

இரண்டு கேள்வி. இரண்டும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். போனில் பிரபு, "வாட்? வாட் இஸ் ஹி சேயிங்?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு குரல்.

"தண்ணி ஊத்துனது நான்."

என் வீட்டுக்காரர். ஒரு காலை முன்னால் எடுத்துவைத்து, அலுவலகத்தில் மேலதிகாரி முன் நிற்பதுபோல நின்றிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை கழுவும்போது கொறஞ்சிருந்தா ஊத்துவேன். ரெண்டு வருசமா ஊத்துதேன். ஆர்.ஓ. மெஷின்லேர்ந்து வார தண்ணி. மெஷின் வழியா வருதுல்லா, சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்."

செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டார். "வேஸ்ட் பைப் தண்ணியா? ஐயோ அண்ணா! நீங்க குடிக்கிற தண்ணில இருக்க உப்பெல்லாம் அந்த மெஷின் எடுத்து அதுலதான் தள்ளுது. அது சுத்தத் தண்ணி இல்ல, பில்குல், முழுக்க உப்புத் தண்ணி."

பட்டறையில் வேறு வண்டிக்காகக் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் மற்றவருக்கு இந்தியில் எடுத்துச் சொல்ல, இன்னொரு முறை சிரிப்பு. முப்பத்தைந்து வருடம் அரசாங்க வேலை பார்த்தவர் என் வீட்டுக்காரர். அவர் இருந்த அலுவலகத்தில் கடிதத்தில் ஓர் எண் மாறினால்கூட யாரும் "நான்தான்" என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. கோப்பு எட்டு மேசை சுற்றி, கடைசியில் இறந்துபோன ஒருவர் தலையில் விழும்.

அவர் சிரிப்பைக் கேட்காததுபோல் வண்டியின் கூரைமேல் இருந்த போனைக் கையில் எடுத்தார்.

"பிரபு, கேக்கியா? வண்டியக் கெடுத்தது ஒங்க அம்மா இல்ல, நான். தண்ணி மிச்சம் புடிக்கேன்னு நான் செஞ்ச வேல. நாளைக்குச் சாவி யார்கிட்ட இருக்கணும்னு ஒரு பேச்சு வரக் கூடாது. அது அவகிட்டதான் இருக்கும்."

போனில் பிரபு, "ஓகேப்பா" என்றான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரரை எனக்கு முப்பத்து நான்கு வருடமாகத் தெரியும். அன்றைக்கு முனிர்காவில், கிரீஸ் படிந்த அந்தத் தரையில், நாலு பேர் சிரிக்கச் சிரிக்க நின்ற அவரைப் போல் நிமிர்ந்த மனிதரை நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே நேரத்தில் செல்வத்தின் இரண்டாவது கேள்வி, ஊசியைப் பற்றியது, அப்படியே கிடந்தது. யாரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மெட்ரோவில் மாவு

வேலை முடிய ஒன்பது நாள் ஆனது. ரேடியேட்டர் புதிது, தண்ணீர் பம்பு புதிது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிக் கடைசலுக்கு அனுப்பிச் சமன்செய்து வாங்கினார் செல்வம். டை கட்டியவர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மாவுப் பணத்திலேயே கொடுத்தேன். பிரபு அனுப்புகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒன்பது நாளும் மெட்ரோதான். ஆளுக்கு ஒரு தூக்கு. சோதனை வாசலில் சீருடைக்காரப் பெண் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தால் மாவு குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. "இது ஏன் அசைகிறது?" என்று இந்தியில் கேட்டார். "உயிரோடு இருக்கிறது" என்றார் என் வீட்டுக்காரர், சுத்தமான இந்தியில், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பெண் எங்களைப் பார்த்தால், "இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்.

முனிர்கா பிள்ளைகளுக்கு ஒரு நாளும் மாவு தவறவில்லை. இதைத் தம்பட்டம் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

வண்டி திரும்பி வந்த அன்று நீல வாளியின்மேல் ஒரு புதிய எழுத்து. அழியாத மையில், அரசு அலுவலகப் பலகைபோல மூன்று மொழியில்: 'வண்டிக்கு ஊற்றக் கூடாது.' வீட்டில் இருப்பது இரண்டே பேர். எதற்கு மூன்று மொழி என்று கேட்டேன். "ஒரு ஒழுங்கு" என்றார்.

ஒரு திருத்தம்

இந்தத் தொடரை நான் தாளில் எழுதுகிறேன். கணினியில் அடித்து அனுப்புவது என் வீட்டுக்காரர். பழைய தட்டச்சுக்காரர், பத்து விரலும் ஓடும். ஒற்றுப் பிழைகளைக் கேட்காமலே திருத்திவிடுவார். என் கருத்துகளில் கை வைக்க மாட்டார்.

அதனால் இந்த அத்தியாயத்தை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஆசிரியருக்கு அனுப்புவதற்கு முன்னால் அவர் கண்ணில்தான் பட வேண்டும். பிரபுவுக்குத் தமிழ் படிக்க வராது, ஆகையால் சாவிக்கு ஆபத்தில்லை. ஆனால் பட்டறையில் தனியாக நின்று முழுப் பழியையும் வாங்கிக்கொண்ட மனிதர், பாதிப் பழி என்னுடையது என்பதை என் கையெழுத்தில்தான் படிக்க வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நேற்றுக் காலை தாள்களை அவர் மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். உளுந்து களைந்தேன். களைந்த உளுந்தையே மறுபடி களைந்தேன். உள்ளே விசைப் பலகை தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றது. நான் குழாயை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது.

முடித்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"ஒரு தப்பு இருக்கு" என்றார்.

"எங்க?"

"மொதப் பக்கத்துல. ஊசி சிவப்புக்குப் பக்கத்துல போயிருந்துச்சுன்னு எழுதியிருக்க."

"ஆமா."

"பக்கத்துல இல்ல கோமதி. சிவப்புக்குள்ளயே கெடந்துச்சு. மேம்பாலம் ஏறுததுக்கு முன்னாடியே. மாத்தட்டுமா?"

கையில் உளுந்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன்.

"பாத்தீங்கன்னா அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீ ஓட்டிக்கிட்டு இருந்தேல்லா" என்றார்.

முதல் பக்கத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் எழுதியது அப்படியே இருக்கட்டும். திருத்தத்தைக் கடைசியில் அவர் கையாலேயே அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார்: ஊசி சிவப்புக்குள் இருந்தது. இரண்டு பேரும் பார்த்தோம்.